ஒன்பது தாளில் ஒரு பெரிய படம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



மார்கழியில் மாமல்லபுரம் நாட்டிய விழா வந்தால் வெளியூர் ஜனங்கள் நிறைய வருவார்கள். நம்ம ஸ்டாலில் ஓலைக் கூடை, ஊறுகாய் எல்லாம் இருக்கும். பத்தடி தள்ளிப் போகிறவர் கண்ணில் அது படணுமே! அதற்குப் பெரிய படம் வேணும்.

பிளக்ஸ் மழைக்குத் தாங்கும், உண்மைதான். ஆனால் ஊறுகாய் விலை ஐந்து ரூபாய் ஏறினால் முழு பிளக்ஸும் வீண். பி.வி.சி. பிளாஸ்டிக் என்பதால் மக்கவும் மக்காது. ஸ்டாலுக்குள் மாட்ட ஒன்பது ஏ4 தாள் போதும். விலை மாறினால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

செய்முறையைக் கேளுங்கள். 8 மெகாபிக்சல் செல்போன் படமே போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பணும்.

கம்ப்யூட்டரில் 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, 55 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரத்துக்குத் தேவையான அளவில் வெட்டி, அங்குலத்துக்கு 100 புள்ளி என்று அமைத்து, பி.டி.எஃப். ஆகச் சேமிக்கணும். அதை அடோப் ரீடரில் திறந்து, பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் 'போஸ்டர்' என்பதைத் தொடணும். அளவு 100 சதவீதம், ஓவர்லாப் 1 செ.மீ. 'கட் மார்க்ஸ்', 'லேபிள்ஸ்' இரண்டையும் டிக் செய்தால், எங்கே வெட்டுவது, எது எத்தனாவது தாள் என்று அதுவே அச்சாகும். ஒன்பது தாளுக்கு மேல் காட்டினால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள்.

ஒவ்வொரு தாளிலும் வலது ஓரம், கீழ் ஓரம் மட்டும் வெட்டி, பக்கத்துத் தாளின் மேல் பொருத்தி ஒட்டுங்கள். முதலில் வரிசை வரிசையாக, பிறகு மூன்று வரிசையையும் சேர்த்து. தண்ணீர்ப் பசை வேண்டாம், இங்க்ஜெட் மை கரைந்துவிடும். குளூ ஸ்டிக் நல்லது. பின்னால் பழைய அட்டைப்பெட்டியை வைத்து ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும்.

ஒன்று முக்கியம். அச்சடிக்கும் முன்பே மூட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முகத்திலோ விலை எழுத்திலோ விழக்கூடாது. விலை முழுவதும் ஒரே தாளுக்குள் வரணும். அப்போதுதான் அதை மட்டும் மாற்ற முடியும்.

நம்ம ஊர் அர்ச்சுனன் தபசைப் பாருங்கள். சுமார் 30 மீட்டர் நீளம். ஒரே பாறை இல்லை, இரண்டு பாறை. நடுவில் பிளவு. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் அந்தப் பிளவை மறைக்கவில்லை. அதையே ஆறாக்கி, அதில் நாகர்களைச் செதுக்கினார்கள். மூட்டு எங்கே என்று தெரிந்து வேலை செய்தால் அதுவும் படத்தோடு சேர்ந்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒன்பது கலர் பக்கத்துக்கு என்ன செலவு, பிளக்ஸுக்கு என்ன செலவு என்று இரண்டையும் விசாரித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நம்ம பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மவுஸை நாமே பிடிப்போம். நமது பொருளின் படத்தை நாமே பெரிதாக்குவோம்.