முன்பல் போனால் என்ன செய்யலாம்?

(வளவனூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



எங்கள் குழுவின் ஊக்குநர் அக்காவை உங்களுக்குத் தெரியும். டவுன் பஸ் திடீரென்று பிரேக் போட்டதில் கம்பியில் மோதி, மேல் முன்பல் இரண்டும் போச்சு. அதிலிருந்து கணக்கு வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். "தொகைன்னு சொன்னா காத்துதான் வருது" என்பார். பேச ஆரம்பித்தாலே முந்தானை வாய்க்குப் போய்விடும்.

செலவு குறைவு என்று ஒருவரிடம் போய், அன்றைக்கே பல் கட்டிக்கொண்டு வந்தார். குழைத்த பிளாஸ்டிக்கைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டி, கம்பியும் சுற்றியிருந்தது. கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. சில மாதத்தில் ஈறு வீங்கி ரத்தம் வந்தது. நல்லா இருந்த பக்கத்துப் பல்லும் ஆட்டம் கண்டது. பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாதென்று 1948-லேயே சட்டம் வந்தாச்சு. நாங்கள்தான் பதிவு எண்ணைக் கேட்காமல் விட்டோம்.

பிறகு அவரைப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போனோம். அங்கே பொறுமையாகச் சொன்னார்கள்.

பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது. பார்க்க நிஜப் பல் மாதிரியே இருக்கும். ஆனால் ராவின பல் திரும்ப வளராது. சொத்தையில்லாத பல்லை ராவுமுன் நாலு தடவை யோசிக்கணும். ஒரே பல் போயிருந்தால் மேரிலாண்ட் பிரிட்ஜ் கேட்டுப் பாருங்கள். பக்கத்துப் பல்லின் பின்புறம் சிறகு மாதிரித் தகடு ஒட்டுவார்கள், ராவுவது மிகக் குறைவு. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவானது. எப்போதாவது பிடி விட்டால் மறுபடி ஒட்டலாம். எலும்பில் திருகு பதிக்கும் இம்பிளான்டில் பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம். ஆனால் செலவு அதிகம், மாதக்கணக்கில் ஆகும், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கணும். கழற்றி மாட்டும் பல்செட்தான் எல்லாவற்றிலும் மலிவு. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும்.

அக்காவுக்கு உள்கடன் கேட்டபோது "அழகுக்கெல்லாமா கடன்?" என்று ஒரு குரல் வந்தது. கணக்கு வாசிக்கிற வாய்க்குத்தான் கேட்கிறோம் என்றோம். தீர்மானம் நிறைவேறியது.

இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல். ஈறு ஆறி, ஆடும் பல் நிற்குமா என்று பார்த்தபிறகுதான் பிரிட்ஜ். போன கூட்டத்தில் கணக்கை அக்காவே வாசித்தார். கோரிமேடு போகிறவர்கள் காலையிலேயே போங்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.