கிரிவலம் போகும் முன் காலைப் பாருங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம் எல்லாம் முடிந்தது. இன்னும் பத்து நிமிஷம் உட்காருங்க. சர்க்கரை வியாதி பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

போன மாதம் ஒரு குழுவில், சுகர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை வாசித்தோம். "வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்று அதில் ஒரு வரி. உடனே ஒரு அக்கா கேட்டார்: "அப்போ பௌர்ணமிக்கு மலை எப்படிச் சுத்துறது?" பிரசுரத்தில் அதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் அன்று இல்லை. கேட்டவருக்கு ஏற்கெனவே ஒரு கால் விரல் இல்லை. தார் ரோடு சுட்டது தெரியாமலே 14 கிலோமீட்டரும் நடந்தவர் அவர். வீட்டுக்கு வந்து பேரன், "ஆயா, ரத்தம்" என்று சொன்ன பிறகுதான் காலைக் குனிந்து பார்த்திருக்கிறார்.

சுகர் பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் கால் நரம்பு மரத்துவிடும். முள் குத்தினாலும் வலிக்காது. வலி இல்லையே, நல்லதுதானே என்று நாமும் இருந்துவிடுகிறோம். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது, சீழ் எலும்பு வரை போகும்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் பெயரில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. நீங்க கண்ணை மூடிக்கணும். பக்கத்தில் இருப்பவர் உங்கள் கால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் லேசாக ஒன்றிரண்டு நொடி தொடணும். அழுத்தக் கூடாது, தட்டவும் கூடாது. இரண்டு காலும் சேர்த்து ஆறு இடம். அதில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காலைக் காட்டணும்.

அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு கிரிவலம் போகக் கூடாது. சாக்ஸ் மட்டும் போதாது, கண்ணாடித் துண்டு அதையும் கிழிக்கும். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட்டு நடக்கலாம், இல்லை ஆட்டோவில் சுற்றலாம். செருப்பு போட்டால் வேண்டுதல் பலிக்குமா என்பது உங்களுக்கும் அண்ணாமலையாருக்கும் உள்ள விஷயம். நாங்க காலைப் பற்றித்தான் பேசுகிறோம்.

தீபத்துக்கு விரதம் இருப்பவர்கள், மாத்திரையை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்க. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினியாக நடந்தால் சுகர் திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்கணும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டு வருபவரும் நம்மைப் போல ஒரு குழுப் பெண்தான். அவரிடம் கூச்சப்படாமல் காலையும் காட்டுங்க.

இப்போ இரண்டு இரண்டு பேராக உட்காருங்க. விரல் போன அந்த அக்கா இன்று வந்திருக்கிறார். எப்படித் தொடுவது என்று அவரே முதலில் செய்து காட்டுவார்.