மலேரியா மருந்தும் கணனிப் பின்னலும்

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், 2016ஆம் ஆண்டில், இந்நாடு மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் ஆபிரிக்காவில் இந்நோய் இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரைக் கொல்கின்றது. அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

பழைய மருந்துகளை எதிர்த்து வாழ நோய்க்கிருமி பழகிவிடுகின்றது. ஆகவே புதிய மருந்துகள் வேண்டும். அவற்றைத் தேடுவதற்கோ பெரும் பொருள் வேண்டும். விலைகொடுத்து வாங்க வகையற்றவர்களின் நோய்க்காக அவ்வளவு பொருளைச் செலவிட மருந்துக் கம்பெனிகள் முன்வருவது அரிது. இந்த நிலையிலேதான் பல நாடுகளின் கணனிகளை ஒன்றுசேர்த்து மருந்து தேடும் முயற்சி தோன்றியது.

நுளம்பின் வழியாக உடலிற் புகும் மலேரியாக் கிருமி, செங்குருதிக் கலங்களினுள்ளே தங்கி, அங்குள்ள ஈமோகுளோபினை உண்டு வளர்கின்றது. அவ்வுணவைச் செரிப்பதற்கு அதற்குத் துணைபுரியும் நொதியங்களுட் சில பிளாஸ்மெப்சின் எனப்படுவன. நொதியத்தை ஒரு பூட்டு என்று கொண்டால், அதன் துவாரத்திற் சென்று இறுகி, வேறெதையும் நுழையவிடாது அடைத்துக்கொள்ளும் ஓர் இரசாயனச் சேர்வையே தேடப்படும் பொருளாகும். அத்தகைய சேர்வைகள் பல இலட்சம் உள. ஒவ்வொன்றையும் ஆய்வுகூடத்திற் சோதிப்பதாயின் காலமும் பொருளும் போதா. அவற்றின் வடிவத்தைக் கணக்கிட்டு, எது பொருந்தும், எது பொருந்தாது என்று முதலிற் கணனியே சலித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கும் ஒரு கணனியால் முடியக்கூடியதன்று.

வீட்டில் விளக்கை ஏற்றுபவர், அம்மின்சாரம் லக்சபானவிலிருந்து வருகின்றதா, வேறோரிடத்திலிருந்து வருகின்றதா என்று வினவுவதில்லை. பல நிலையங்களின் மின்சாரம் ஒரே பின்னலிற் கலந்து அவரை வந்தடைகின்றது. அதுபோலவே பல நாட்டுக் கணனிகளின் ஆற்றலையும் ஒரு பின்னலாக்கினர் அறிஞர். மின்சாரப் பின்னலின் பெயரையே தழுவி இதனையும் ‘கிரிட்’ என்றனர். பெரிய கணக்கொன்று சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓய்ந்திருக்கும் கணனிகளுக்கு அனுப்பப்படும். ஒரு கணனி பழுதுற்றால் அதன் பங்கு வேறொன்றிடம் செல்லும். முடிவுகள் யாவும் மீண்டும் ஓரிடத்திற் சேரும்.

ஐரோப்பாவில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய இத்தகைய பின்னலொன்றை, ஜெனீவாவின் அருகேயுள்ள சேர்ன் ஆய்வு நிலையம் இணைத்து நடத்தியது. அணுத்துகள் ஆராய்ச்சியே அதன் முதல் நோக்கமாயினும், பிரான்சிலும் ஜேர்மனியிலுமுள்ள ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டுக் கோடையில் அதனை மலேரியாவின்பாற் திருப்பினர். ஆறே வாரங்களில் 4 கோடியே 60 இலட்சம் பொருத்தங்கள் கணக்கிடப்பட்டன. ஒரு தனிக் கணனிக்கு அவ்வேலை 80 ஆண்டுகள் பிடித்திருக்கும். அடுத்த ஆண்டு, 2006இல், பறவைக் காய்ச்சல் பரவுமோ என்று உலகம் அஞ்சிய வேளையில், 3 இலட்சம் சேர்வைகள் நான்கு வாரங்களில் அவ்வாறே ஆராயப்பட்டன. தாய்வான் நாட்டு அறிஞரும் அப்பணியிற் பங்குகொண்டனர்.

இதனால் மலேரியாவுக்கு மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. தெரிந்தெடுத்த 30 சேர்வைகளை ஆய்வுகூடத்திற் சோதித்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை நொதியத்தைத் தடுத்தன. ஆயினும் அந்த நொதியங்களை இழந்தும் கிருமி குருதியில் உயிர்வாழ வல்லதென்பதை வேறு ஆய்வுகள் காட்டின. ஒரு வாயிலை அடைத்தால் மறுவாயில் திறந்திருந்தது! பிளாஸ்மெப்சின் குடும்பத்தின் வேறு உறுப்புகளைப் பின்வந்த ஆய்வாளர்கள் நாடினர்.

கணனி சலித்துத் தருவதை ஆய்வுகூடம் சோதிக்கவேண்டும். அதன்பின் நோயாளரிடத்தே பல்லாண்டுச் சோதனை நடைபெறவேண்டும். எனினும், பல இலட்சத்தை முப்பதாகக் குறைத்துத் தந்தமை சிறு உதவியன்று. இலாபம் கருதாது பல நாட்டவர் தத்தம் கணனிகளை ஈந்தமையால், ஏழைகளின் நோயொன்றுக்கு மருந்து தேடும் செலவின் முதற்பகுதி பெரிதும் குறைந்தது.