பெட்டியின் நான்கு மூலைகள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் அப்பா டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போக அவர் வரிசையில் காத்துக் கிடந்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. சின்ன வயதில் ஒருநாள், "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கிரேனுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன். "அதுக்கு எதுக்குடா தெரியணும்? மேல நாலு மூலையும் சரியா இருந்தா தூக்கிடும்" என்றார்.

வெப்அசெம்ப்ளியும் அப்படி ஒரு பெட்டிதான். ரஸ்ட் மொழியில் எழுதியதைக் கம்பைலர் ஒரு கோப்பாக அடைத்துத் தரும். குரோம், பயர்பாக்ஸ், சபாரி எதுவானாலும் அதை எடுத்து ஓட்டும். ரஸ்டின் 1.0 பதிப்பு வந்தது 2015-ல். வெப்அசெம்ப்ளி, டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வத் தரமானது 2019 டிசம்பரில்.

அப்பா போன்ற டிரைவர்களுக்காக ஒரு சின்ன வெப் ஆப் எழுதினேன். டெலிவரி சீட்டை போனில் படம் எடுத்தால், பிரவுசருக்குள்ளேயே சுருக்கி அனுப்பும். படத்தைச் சுருக்குவது கணக்கு மிகுந்த வேலை; அதனால்தான் ரஸ்ட். வெறும் படிவம் நிரப்புகிற வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டே போதும்.

போன வருஷம் இதை நம் லேபில் மாணவர்களுக்குக் காட்ட வந்தேன். புது லேப்டாப். பில்ட் ஆகவில்லை. ஒன்றரை மணி நேரம் போராடினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் நிதானமாகப் பார்த்தால், மூலைதான் பொருந்தவில்லை! வெப்அசெம்ப்ளிப் பெட்டியின் வாசலில் அடிப்படையில் எண்கள்தான் போய்வரும். எழுத்தையும் படத்தையும் அதற்கேற்ப மாற்றித் தருவது 'வாஸ்ம்-பைண்ட்ஜென்'. அது ப்ராஜெக்டுக்குள் நூலகமாகவும், வெளியே தனிக் கருவியாகவும் இருக்கிறது. இரண்டின் பதிப்பு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். என்னிடம் நூலகம் பழசு, கருவி புதுசு. பிழைச் செய்தியிலேயே இரண்டு எண்களும் இருந்தன. பதற்றத்தில் நான்தான் படிக்கவில்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, இப்படிச் செய்யுங்கள். 'ரஸ்டப்' நிறுவி, 'வாஸ்ம்32-அன்நோன்-அன்நோன்' என்ற இலக்கைச் சேருங்கள். 'டிரங்க்' கருவியை நிறுவுங்கள். 'கார்கோ லாக்' கோப்பைப் பார்த்து, பொருத்தமான பைண்ட்ஜென் கருவியை அதுவே இறக்கிக்கொள்ளும். அந்த லாக் கோப்பை மறக்காமல் கிட்டில் போடுங்கள். கம்பைலர் பதிப்பையும் இலக்கையும் 'ரஸ்ட்-டூல்செயின்' கோப்பில் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு ஜூனியரை அவர் கம்ப்யூட்டரில் பில்ட் செய்யச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால்தான் உங்கள் ப்ராஜெக்ட் முடிந்தது.

இன்று காலை லேபில் அதையேதான் செய்தோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், நான் கீபோர்டைத் தொடாமலே, 'டிரங்க் சர்வ்' கொடுத்து ஓட்டிக் காட்டினார். உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். "இந்த வாட்டியாவது பசங்க கடைசி வரைக்கும் உட்காந்திருந்தாங்களா?" என்றார்.

உட்கார்ந்திருந்தார்கள்.