அழவியலாப் பிள்ளையின் வலி



'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது தமிழ்ப் பழமொழி. அழவே இயலாத பிள்ளையின் நிலை யாது? குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் சிசு வாய்திறந்து அழுதாலும் ஒலி எழுவதில்லை. குதிகாலில் ஊசி குத்திக் குருதி எடுக்கையில் அதற்கு வலிக்கின்றது என்பதை எவ்வாறு அறிவது?

வலி இல்லை என்றே மருத்துவருள் பலர் நெடுங்காலம் கருதினர். பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிர்ச்சியுறாதவை என்றனர். மயக்கமருந்தைச் சிற்றுடல் தாங்காது என்றும் அஞ்சினர். 1985-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு, உடலை அசையாமற் செய்யும் மருந்தை மட்டும் செலுத்தி, வலிநீக்கமின்றி நெஞ்சில் அறுவை செய்தனர். சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. உண்மையறிந்த தாய் அதனை ஊரறிய எடுத்துரைத்தார். இந்தியாவில் மருத்துவம் பயின்ற கன்வல்ஜீத் ஆனந்த், ஹிக்கி என்பாருடன் இணைந்து 1987-இல் எழுதிய கட்டுரை, வலியுணர்வுக்குரிய நரம்புப் பாதைகள் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன என்பதைச் சான்றுகளுடன் நிறுவிற்று. பழைய கருத்து தளர்ந்தது.

இனி, வலியை அளப்பது எங்ஙனம்? 1996-இல் கனடாவில் பானி ஸ்டீவன்ஸ் குழுவினர் குறைமாதக் குழந்தைகளுக்கென ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதன் கூறுகள் ஏழு: கருவளர்ச்சிக் காலம், உறக்க விழிப்பு நிலை, இதயத் துடிப்பு, குருதியின் ஆக்சிஜன் அளவு, புருவப் புடைப்பு, கண்ணிறுக்கம், மூக்கோரத்திலிருந்து உதடுவரை விழும் மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். செவிலியர் ஊசி குத்துமுன் சிறிது நேரமும், குத்தியபின் 30 வினாடியும் உற்றுநோக்கி மதிப்பிடுவர்.

உள்ளத்துணர்வு உடல்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். செவிலியர் படிப்பதும் ஒருவகை மெய்ப்பாடே எனலாம். ஆயின் மெய்யும் பேசாதபோது? 28 வாரத்திற்கு முன் பிறந்த சிசுவின் முகம் வலியிலும் மிகுதியாகச் சுளிவதில்லை. தொடர்ந்த துன்பத்தால் களைத்த குழந்தை அசைவற்றுக் கிடப்பதும் உண்டு. இதனை அறிந்தே அவ்வளவுகோல், இளஞ்சிசுவுக்கும் உறங்கும் சிசுவுக்கும் மிகுதியான மதிப்பெண் வழங்கிற்று. ஆனால் அம்முறையில், எவ்வித எதிர்வினையும் காட்டாத சிசுவும் மதிப்பெண் பெற்றது. எனவே 2014-இல் திருத்தினர்: முகத்திலோ துடிப்பிலோ ஆக்சிஜன் அளவிலோ மாற்றம் தோன்றினால் மட்டுமே அம்மிகை சேரும்.

திருத்தம் கணக்கைச் செம்மையாக்கிற்று. ஐயத்தை முற்றும் தீர்க்கவில்லை. சுழியம் என்னும் விடை, வலியின்மையையும் குறிக்கலாம், வலியைக் காட்டும் வலுவின்மையையும் குறிக்கலாம். ஆகவேதான் வளர்ந்தோர்க்கு வலிக்கும் செயல் சிசுவுக்கும் வலிக்கும் என்று கொண்டு, அளவுகோல் சொல்லுமுன்னரே வலிதணிக்க முற்படுகின்றனர் நல்ல செவிலியர். ஊசிக்கு முன் தாய் மார்போடு அணைத்துக்கொள்வதும், தாய்ப்பால் ஊட்டுவதும், நாவில் சிறிது சர்க்கரைக் கரைசல் இடுவதும் அவ்வகையின.

வாய்மொழியால் உரைக்க இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்று, வலியாய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் திருத்திய வலியின் வரையறைக்குரிய குறிப்பு தெளிவாக்குகின்றது. சொல்லையே கருவியாகக் கொண்ட கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இது. சொல் இல்லாத இடத்திலும் துன்பம் உண்டு. அதனைக் கேட்கும் கடமை கேட்பவருடையது.