சேவைக்காலப் பணத்தில் கடை போடுமுன்

(ஹட்டனில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார் மத்தியில் ஆற்றிய உரை)



சங்கக் காரியாலயத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். சேவைக்காலப் பணம் இன்னும் கிடைக்கவில்லை என்று சிலர் வருகிறார்கள். பணம் கிடைத்துக் கடை போட்டோம், ஒன்றரை வருஷத்தில் எல்லாம் போய்விட்டது என்று வேறு சிலர் வருகிறார்கள். முதல் வகையினருக்கு வழி உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். இரண்டாவது வகையினர் முறையிட எந்தத் திணைக்களமும் இல்லை. அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், 30 வருஷத்துக்கு 567,000 ரூபாய். இதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதி. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அட்டைக்கடியிலும் மழையிலும் மலை ஏறி இறங்கிய காசு. இப்படியொரு தொகை வாழ்க்கையில் ஒரு தடவைதான் கைக்கு வரும்.

வந்ததும் லயத்தின் முன்வாசலை அடைத்து ஒரு கடை. மகன் கொழும்பில் கடையில் நின்றவன், யாவாரம் தெரியும் என்கிறோம். தெரியும்தான். ஆனால் அவன் நின்றது கைக்காசுக் கடையில். தோட்டத்துக் கடை கொப்பியில் ஓடுவது.

வியாபாரத் திட்டம் என்றதும் பெரிய படிவம் என்று பயப்பட வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். உதாரணத்துக்கு ஒரு கடை. நாளைக்கு 10,000 ரூபாய் விற்பனை. அதில் 4,000 கைக்காசு, 6,000 கடன். சம்பளம் வரும்வரை ஒரு மாதம் ஓடினால் 180,000 ரூபாய் கொப்பியில் நிற்கிறது. டவுனில் மா, பருப்பு, சீனி தரும் மொத்தக் கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பாரா? ஆகவே தட்டு, தராசு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வாங்கிய பிறகும் இந்த 180,000 தனியாகக் கையில் இருக்க வேண்டும். கடை மூடியவர்களில் அநேகர் இதை எழுதிப் பார்க்காதவர்கள். அவர்களுக்கு யாவாரம் நடக்காமல் இல்லை, நன்றாகவே நடந்தது. விற்க விற்கக் கையில் காசு குறைந்தது.

எல்லாரும் 10ஆம் திகதி முழுவதும் கட்டுவார்கள் என்றும் எழுதாதீர்கள். பனி விழும் தை, மாசியில் கொழுந்து குறைந்தால் பேர் குறையும். பேர் குறைந்தால் உங்கள் கடைக்கு வரும் காசும் குறையும். நம் அங்கத்தவரான ஒரு தாய் சொன்னார்: கடன் வைத்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர், சம்பந்தி வீட்டு வாசலில் போய்க் காசு கேட்க வாய் வரவில்லை என்று. அதனால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரை கடன் என்பதைக் கடை திறக்குமுன்பே எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒட்டினால் சண்டைதான் வரும்.

இலாபத்துக்கு வருவோம். நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் மாதம் 300,000 விற்பனையில் 30,000. வேன் கூலி, மின்சாரக் கட்டணம், எலி தின்றது, பழுதானது எல்லாம் இதற்குள்தான். கடையில் நிற்பதற்காக மருமகள் மலைக்குப் போவதை நிறுத்தினால், அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் 25 பேருக்கு 33,750 ரூபாய் போகிறது. அவள் பெயரில் கம்பனி கட்டும் சேமலாப நிதி 12 வீதமும், நம்பிக்கை நிதி 3 வீதமும் நின்றுவிடும். இதை வீட்டு ஆட்கள் யாரும் செலவாக எழுதுவதில்லை. வீட்டுப் பெண்ணின் உழைப்பு என்றால் சும்மா கிடைப்பது என்றே பழகிவிட்டோம்.

அடுத்தது கடன். லயக் காணி நம் பெயரில் இல்லை, ஈடு வைக்க முடியாது. அதனால்தான் வாசலுக்கே வரும் நுண்கடனில் கையெழுத்துப் போடுகிறோம். நமக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு தடவை, தவணை வாராவாரம். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் நுண்கடனுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது நுவரெலியா மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இதை நாங்கள் மறக்கவில்லை.

யாவாரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்துக் காசு தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் கடையை விட, வெளியிலிருந்து காசு வரும் தொழிலைப் பாருங்கள். மாடு வளர்த்துச் சேகரிப்பு நிலையத்துக்குப் பால் ஊற்றுவது, பாடசாலைச் சீருடை தைப்பது, காணி கிடைத்தால் லீக்ஸ், கரட். அங்கேயும் புல், தீனி, பால் வற்றும் மாதங்கள் என்று கொப்பியில் எழுதத்தான் வேண்டும். பசுவுக்கும் ஓய்வு மாதம் உண்டு.

எதைத் தொடங்கினாலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். இடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வாங்குவதில் இழுபறி வந்தால் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் பேசும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி, கெஞ்சத் தேவையில்லை.

பணம் கைக்கு வர இன்னும் ஆறு மாதம் இருப்பவர்கள், உங்கள் லயத்தில் எத்தனை வீடு, யார் யார் எந்தக் கடையில் எவ்வளவு கடன் என்பதை இப்போதே விசாரித்து எழுதுங்கள். சம்பள வாரம் முடிந்த பிறகு கொப்பியோடு காரியாலயத்துக்கு வாருங்கள். மருமகளையும் கூட்டி வாருங்கள்.