கொழுந்து கிள்ளினால் துளிர்க்கும், வேரைப் பிடுங்கினால்?
(கொள்ளுப்பிட்டியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கொழும்புக் கடைகளில் கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடித்தால் சீனி வருத்தத்துக்கு நல்லது என்பது நம் நாட்டு வைத்தியம். சித்த வைத்தியர்கள் பொன்கொரண்டி என்று சொல்லும் கொடி அது. இலங்கை, தென்னிந்தியக் காடுகளில் வளர்வது.

1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கொடியிலிருந்து சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பாட்டு மாச்சத்து சீனியாக மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. அந்தச் செய்தி பரவியதும் தூளாகவும் குளிசையாகவும் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. வெனிவெல் என்னும் மரமஞ்சளுக்கும் அதே கதை. கொரோனாக் காலத்தில் கொத்தமல்லியோடு அதை அவித்துக் குடிக்காத வீடு குறைவு.

வியாபாரி கேட்பது இலையை அல்ல, வேரையும் தண்டையும். நமக்குத் தெரியாததா? கொழுந்து கிள்ளினால் தேயிலை மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் கொடி செத்துப்போகும். இவை மெதுவாக வளரும் காட்டுக் கொடிகள். இன்று எடுத்ததை நம் பிள்ளைகள் காலத்திலும் காடு திருப்பித் தருமா?

இரத்தினபுரி, களுத்துறை, காலிப் பக்கம் காட்டோரத்தில் நம் தோட்டங்கள் இருக்கின்றன. 2024இல் 1,350 ரூபா நாட்சம்பளம் பெறவே எவ்வளவு போராடினோம்! வேலை நாள் குறைந்த மாதத்தில் தரகர் வந்து, "ஒரு மூட்டை கொண்டு வா" என்றால் யாருக்கும் மனம் தடுமாறும். ஆனால் ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். பிடிபட்டால் நீதிமன்றத்தில் நிற்பது மூட்டை சுமந்தவர். தரகர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

அதனால் நாம் காட்டைக் காவல்காரருக்கு மட்டும் விட்டுவிட முடியாது. தரகருக்காக வேரைத் தோண்டுவதில்லை என்று தோட்டக் கமிட்டிகளில் முடிவெடுப்போம். அதோடு நிற்காமல் உரிமையும் கேட்போம். பயிரில்லாமல் கிடக்கும் தோட்டக் காணிகளில் இந்தக் கொடிகளை வளர்க்க நம் குடும்பங்களுக்கு இடம் வேண்டும். ஆயுர்வேதத் திணைக்களம் நாற்றும் பயிற்சியும் தர வேண்டும். விளைவதை எழுத்தில் விலை பேசி வாங்க வேண்டும்.

இருநூறு வருடமாக இந்த மண்ணில் நட்டு வளர்த்தவர்கள் நாம். இதையும் நட்டு வளர்ப்போம். அதன் பலன் இம்முறை நம் லயத்துக்கு வரட்டும்.